எங்க வீட்டு ஜன்னல் மாதிரி வராது

அடுத்தவர் வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்ததும் தரகர் முதலில் ஜன்னலைத் திறப்பார். தலையை வெளியே நீட்டி இடமும் வலமும் பார்ப்பார். பிறகு வீடு வாங்க வந்தவர்கள் பக்கம் திரும்பி, "நல்ல ஜன்னல்தான். ஆனா எங்க வீட்டு ஜன்னல் மாதிரி வராது" என்பார். பாதி வியாபாரம் அங்கேயே படுத்துவிடும்.

அந்த "எங்க வீடு" இரண்டாவது மாடியில் ஒன்றரை அறை, அதுவும் வாடகைக்கு. வாசல் கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, இடுப்பால் ஓர் இடி கொடுத்தால்தான் திறக்கும். திருடன் வந்தால் திணறிப்போவான் என்பது தரகர் கட்சி. நீச்சல் குளம் வைத்த மாளிகையைக் காட்டிவிட்டு வந்த நாளிலும், செருப்பைக் கழற்றும்போது "அப்பாடா, வீடுன்னா இது" என்பார். நடிப்பில்லை. அவர் கண்ணுக்கு அந்த வீட்டில் ஒரு குறையும் தெரிவதில்லை.

அவருக்கும் சேர்த்து மனைவி குறை பார்த்துக்கொள்கிறார். குழாயைத் திறந்தால் ஊளையிடுகிறது, அலமாரி மூடுவதில்லை, மேல்வீட்டுக்காரர் நாற்காலி இழுப்பது மண்டைக்குள் கேட்கிறது என்று பதினோரு வருடமாகப் பட்டியல் வாசிக்கிறார். தரகர் அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

போன மாதம் வீட்டுக்காரர் வந்தார். வீட்டை விற்கப் போகிறாராம். மாதக் கடைசிக்குள் ஆள் அமையாவிட்டால் அந்த யோசனையையே விட்டுவிடுவாராம். வாங்குகிறவர் குடிவந்தால் இவர்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆள் பிடிக்கும் பொறுப்பை யாரிடம் கொடுத்தார் என்கிறீர்கள்? வீட்டுக்குள்ளேயே தரகர் இருக்கும்போது வெளியே எதற்குத் தேட வேண்டும்?

அன்று தரகருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவிதான் தைரியம் சொன்னார். "நீங்க வாயத் திறக்காம இருங்க, போதும். மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

மாதத்தின் கடைசி நாள் ஒரு தம்பதி வந்தார்கள். மனைவி சொன்னபடியே தரகர் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். மனைவி பட்டியலை எடுத்துவிட்டார். பதினோரு வருடப் பயிற்சி; ஓரிடத்திலும் தடங்கல் இல்லை. கதவு, அலமாரி, நாற்காலிச் சத்தம் என்று ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க வந்த பெண்ணின் முகம் சுருங்கியது. தரகருக்கோ யாரோ தன் பிள்ளையைத் திட்டுவதுபோல் இருந்தது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டார்.

தம்பதி கிளம்பத் திரும்பிவிட்டார்கள். மனைவி அதோடு விட்டிருக்கலாம். இந்த வீட்டை விட்டுப் போக அவருக்கும் மனசில்லை. அந்தப் பதற்றத்தில், ஜன்னல் விளிம்பைத் தடவிக்கொண்டே, கூடுதலாக ஒன்றைச் சொல்லிவைத்தார்.

"எல்லாத்தையும் விடுங்க. தண்ணியே வராதும்மா. சொட்டுச் சொட்டாத்தான் விழும்."

அதுவரை சொன்னதெல்லாம் நிஜம். இது மட்டும் பொய்.

தரகர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். விறுவிறுவென்று சமையலறைக்குள் போய், ஊளையிட ஊளையிடக் குழாயை முழுவதும் திறந்துவிட்டார். தொட்டி தாண்டித் தண்ணீர் தெறிக்க, சட்டையெல்லாம் நனைந்து, மார்பை நிமிர்த்திக்கொண்டு அதன் பக்கத்தில் நின்றார்.