ஆபரேஷன் செய்த முதுகோடு மறுபடி கரிசல் பாதையில்

சபையாரே, இது மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த ஒருவனுடைய சாட்சி. சொன்ன பேச்சைக் கேட்காமல் விழுந்தவன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். சிரிக்கிறவர்கள் முதலிலேயே சிரித்துக்கொள்ளலாம். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. இனி நடக்கவே முடியாது என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதேன்.

அருப்புக்கோட்டையில் ஒரு சிறு மிஷன் வைத்தியசாலையில், தொழுநோய்ப் பிரிவில் எனக்கு வேலை. மாத்திரைப் பெட்டியை வண்டியில் கட்டிக்கொண்டு திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போவேன். வியாழக்கிழமை போகிற ஊருக்குப் பஸ் ரோட்டிலிருந்து ஏழு மைல் மாட்டுவண்டிப் பாதை. ஊருக்கு வெளியே வேப்பமரத்தடியில் முப்பது பேர் காத்திருப்பார்கள். மாத்திரை கொடுப்பேன், புண்ணுக்குக் கட்டுப் போடுவேன், தேய்ந்துபோன டயர் செருப்பை மாற்றிக் கொடுப்பேன். உணர்ச்சி செத்த பாதத்துக்கு அந்தச் செருப்புதான் காவல். எல்லாரும் என்னை 'கம்பவுண்டரய்யா' என்பார்கள். அந்த வட்டாரத்தில் என்னைப்போல வண்டி ஓட்ட ஆளில்லை என்று எனக்கொரு நினைப்பு.

அறுபத்தெட்டாம் வருஷம் ஐப்பசி. மூன்று நாள் மழை விட்டு, மறுநாள் வெயில் அடித்தது. ரோட்டோர டீக்கடைக்காரர் என்னை மறித்தார்.

"அய்யா, மேலதான் பொருக்குத் தட்டியிருக்கு. உள்ள பூராம் சகதி. இன்னும் ரெண்டு வெயில் காயட்டும். அவசரம்னா வண்டிய இங்க போட்டுட்டு நடந்து போங்க."

நான் பிறந்தது தேரி மணல் ஊரில். மணலில் நின்றால் சக்கரம் புதையும், நிறுத்தாமல் ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் தப்பித்துவிடலாம். அந்த வித்தையைக் கரிசலில் காட்டினேன். இரண்டாவது மைலில் முன்சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் மண் அப்பி அப்பி, சக்கரம் ஒரேயடியாக இறுகிவிட்டது. வண்டி நின்றது. நான் நிற்கவில்லை. ஓரத்திலிருந்த கல்லில் இடுப்பு மோத விழுந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. ஒரு மாட்டுவண்டிக்காரர்தான் என்னைக் கூளத்தின் மேல் கிடத்தி ரோட்டுக்குக் கொண்டுவந்தார்.

முதுகெலும்பின் நடுவிலிருந்த தட்டு பிதுங்கி நரம்பை நசுக்குகிறது என்று மதுரையில் சொன்னார்கள். கார்த்திகையில் ஆபரேஷன் நடந்தது. உயிர் பிழைத்தேன். ஆனால் இடது கால் உணர்ச்சியில்லாமல் மரக்கட்டையாகக் கிடந்தது.

எங்கள் வேலையில் ஒரு சோதனை உண்டு. நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, கோழி இறகால் தோலைத் தொடுவோம். தொட்ட இடத்தை அவர் விரலால் காட்டவேண்டும். எத்தனையோ பேருக்கு நான் செய்த அந்தச் சோதனையை என் மனைவி எஸ்தர் தினமும் காலையில் எனக்குச் செய்தாள்.

"எங்க தொட்டேன், சொல்லுங்க?"

"இன்னும் தொடவே இல்லியே."

கண்ணைத் திறந்தால் இறகு என் பாதத்தின் மேல் இருக்கும். அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள்.

எங்கள் டாக்டரம்மா பார்க்க வந்தார்கள். "நீங்க உக்காந்து ரிஜிஸ்டர் எழுதுங்க. வண்டி ஓட்ட வேற ஆளு இல்ல. ஆனி வரைக்கும் மாத்திரைய மட்டும் மாட்டுவண்டியில குடுத்தனுப்பிப் பாக்கலாம். அதுக்கப்புறம் அந்த வியாழக்கிழம ஊர நிறுத்திர வேண்டியதுதான்" என்றார்கள். மாத்திரை நின்றால் அந்த முப்பது பேருக்கும் நோய் மறுபடி ஏறும். நானும் எஸ்தரும் மூன்று வேளையும் ஜெபித்தோம். "ஆண்டவரே, இந்தக் காலுக்கு உணர்ச்சி கொடும்." வேறொன்றும் கேட்கவில்லை.

தை பிறந்ததும் கொடுத்தார். எப்படித் தெரியுமா? இடுப்பிலிருந்து குதிகால் வரை நெருப்பு வைத்தாற்போல வலி! கேட்டது கிடைத்துவிட்டது என்ற அறிவுகூட எனக்கில்லை. "போதும் ஆண்டவரே, இதை எடுத்துக்கொள்ளும்" என்று புலம்ப ஆரம்பித்தேன். எஸ்தர் மேலும் எரிந்து விழுந்தேன்.

அந்த நாட்களில்தான் காளியம்மா வந்தார். வியாழக்கிழமை ஊரில் ஆடு மேய்க்கிறவர், என்னிடம் மாத்திரை வாங்குகிறவர்களில் ஒருவர். அந்த நோய்க்காரர்களைப் பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். இரண்டு நாள் நடந்தே வந்திருந்தார். கையில் ஒரு தூக்குவாளி ஆட்டுப்பால்.

"கம்பவுண்டரய்யா எந்திரிச்சு நடக்காகளா, இல்லயான்னு பாத்துட்டு வரச் சொன்னாக எல்லாரும்."

"எங்க நடக்க? வலி உயிர் போகுது, காளியம்மா."

அவர் முகம் மலர்ந்தது. கேலி செய்கிறாரோ என்று எனக்குக் கோபமே வந்தது.

"வலிக்குதாய்யா? குடுத்து வச்சவுக நீங்க! எனக்கொரு வலியக் குடு தாயின்னுதான் பதினோரு வருசமா எங்க காளிகிட்ட நானும் கேக்கேன்."

அப்போதுதான் தரையைப் பார்த்தேன். வாசலிலிருந்து அவர் நின்ற இடம் வரை ரத்தம். நான் போகாததால் செருப்பு மாற்ற ஆளில்லை. பழைய செருப்பு ஓட்டையாகி, உடைமுள் ஒன்று உள்ளங்காலில் முழுசாக ஏறியிருந்தது. எத்தனை மைல் அதோடு நடந்தாரோ. அவருக்குத் தெரியவே இல்லை.

என்னால் குனிய முடியாது. கட்டிலிலிருந்து மெல்ல இறங்கித் தரையில் குப்புறப் படுத்தேன். எஸ்தர் இடுக்கி எடுத்துக் கொடுத்தாள். முள்ளைப் பிடுங்கி, கழுவி, கட்டுப் போட்டேன். என் காலில் நெருப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அன்றைக்கு என் ஜெபம் மாறிப்போனது. "ஆண்டவரே, நீர் தந்ததைத் திட்டினேன், மன்னியும். இந்த வலியோடு வண்டி ஓட்டக் கற்றுக்கொடும்" என்றேன்.

கற்றுக்கொடுத்தார். முதலில் வாசல்வரை நடை, பிறகு தெருமுனைவரை. "வலி நிறுத்தச் சொன்னா நிறுத்தணும், ஒங்க வீரத்தக் காட்டக் கூடாது" என்ற கண்டிப்போடு ஆனியில் மதுரை டாக்டர் உத்தரவு கொடுத்தார். முதல் வியாழக்கிழமை வண்டியை எடுத்தேன். கரிசல் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. பள்ளம் வரும் இடமெல்லாம் கால்மிதியில் எழுந்து நின்று, முழங்காலை மடக்கிக் குலுக்கலை வாங்கிக்கொண்டேன். வலி மூன்று முறை நிறுத்தச் சொன்னது. மூன்று முறையும் இறங்கி நிழலில் படுத்தேன். அரைமணி நேரப் பாதைக்கு இரண்டு மணி நேரமானது. ஒருவரும் கலைந்து போகாமல் மரத்தடியில் இருந்தார்கள்.

காளியம்மாதான் முன்னால் வந்தார். "இன்னும் வலிக்குதாய்யா?"

"வலிக்குது, காளியம்மா."

அவர் திரும்பி, "அய்யாவுக்கு வலிக்குதாம்லே! நல்லாயிட்டாக!" என்று கூவினார். விரல் மடங்கிய கைகளால் முப்பது பேரும் தட்டினார்கள். வண்டியின் மேல் சாய்ந்துகொண்டு அழுதேன்.

ஐந்து வருஷமாகிறது. இப்போது மழை பெய்தால் அந்த ஊர்க்காரர்களைக் கேட்டுவிட்டுத்தான் பாதையில் இறங்குகிறேன். காளியம்மாவுக்கு நோய் அடங்கிவிட்டது, புண் ஆறிவிட்டது, பாதத்துக்கு மட்டும் உணர்ச்சி திரும்பவில்லை. ஏன் ஆண்டவரே என்று நானும் கேட்டுத்தான் பார்க்கிறேன், பதில் தெரியவில்லை. ஆனால் அந்தக் காலோடு அவர் எனக்காக நடந்து வந்தாரே, அந்த அன்பை அவருக்குள் வைத்தவர் யார் என்று எனக்குத் தெரியும்.

அன்பானவர்களே, உங்களுக்கு எங்கே வலித்தாலும் அவரிடம் சொல்லுங்கள். எடுத்துப்போடச் சொல்லியும் கேளுங்கள், தப்பில்லை. கேட்பதற்கு முன்னால் ஒருமுறை அதற்காக ஸ்தோத்திரம் சொல்லிப் பாருங்கள். நாளைக்கு வியாழக்கிழமை. வண்டிக்குப் பெட்ரோல் போட்டு வைத்திருக்கிறேன்.