கல் ஊரில் நான் கை நனைத்தது

என் அக்காளுக்குக் கல்யாணம் நிச்சயமானது என் வயிற்றால். இதை வெளியே பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கு முப்பது வருஷம் ஆயிற்று. அதுவரைக்கும் நான் செய்தது பாவம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடந்தது. எனக்கு எட்டு வயது. எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கொடுக்குமுன் மாப்பிள்ளை வீட்டைப் போய்ப் பார்த்து வருவார்கள். பிடித்திருந்தால் அங்கே சாப்பிடுவார்கள். அதற்குக் கை நனைப்பது என்று பெயர். கை நனைத்துவிட்டால் சம்மதம் சொன்னதாக அர்த்தம், பிறகு பேச்சு மாறக் கூடாது. பிடிக்காவிட்டால் எதையும் தொடாமல் எழுந்து வந்துவிட வேண்டும். அதனால் இப்படிப் போகிறபோது கட்டுச்சோறும் சொம்பில் தண்ணீரும் நம் வண்டியிலேயே போகும்.

இந்தச் சட்டதிட்டங்களுக்கெல்லாம் எங்கள் வீட்டில் அதிகாரி மாமாதான், அம்மாவின் அண்ணன். ஓர் ஊரில் அப்பா ஏதோ மறதியாக வெற்றிலைத் தட்டில் கை வைத்துவிட்டார். "பாதி சம்மதம் சொல்லிப்போட்டீங்களே!" என்று மாமா திரும்பி வரும் வழியெல்லாம் இடித்துக்கொண்டே வந்தார். தாய்மாமன் வராமல் கல்யாணப் பேச்சு நடக்காது. இவர் வந்தாலோ எந்தப் பேச்சும் முடியவில்லை. ஓரிடத்தில் கிணற்றுத் தண்ணீர் உப்பு என்றார். இன்னோரிடத்தில் எருமை நோஞ்சான் என்றார். மூன்று இடம் இப்படியே தட்டிப்போயிற்று.

காரணம் ஊருக்கே தெரியும். அவருக்கு ஒரு மகன் இருந்தான், அக்காளுக்கு முறை மாப்பிள்ளை. சண்டைச் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுவதைத் தவிர அவன் வேறு வேலை செய்து நான் பார்த்ததில்லை. வெளியிடமெல்லாம் தட்டிப்போனால் பெண் தானாகத் தம் வீட்டுக்கு வந்து சேரும் என்று மாமா நினைத்தார். அப்பாவுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை, ஆனால் வாய்விட்டுச் சொல்ல வழியில்லை. அண்ணன் முகம் சுண்டினால் அம்மா மூன்று நாள் அடுப்பு மூட்ட மாட்டாள். அக்கா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மாமா வீட்டுச் சேவல் கூவினால் மட்டும் காதைப் பொத்திக்கொள்வாள்.

நாலாவது இடம் காங்கேயத்துக்குக் கிழக்கே இருந்தது. கிளம்புமுன் எனக்குத் தலை பின்னிவிட்ட அக்கா, "எல்லாத்தையும் நல்லாப் பாத்துட்டு வந்து எங்கிட்டச் சொல்லோணும் அம்மணி" என்றாள். "போற எடத்துல எதையுந் தொட்டுப்போடாதே" என்றாள் அம்மா. என்னைக் கூட்டிக்கொண்டு போவது அப்பாவின் யோசனை.

பாதி வழியிலேயே மாமா கட்டுச்சோற்றில் பெரும்பங்கை முடித்துவிட்டு வண்டியில் உறங்கிப்போனார். ஊர் எல்லையில் ஒரு வேலமரத்தடியில் அப்பா வண்டியை நிறுத்தினார். இறங்கி, சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரை நிதானமாகக் காலில் ஊற்றிக் கழுவிக்கொண்டார்.

அப்படி ஓர் ஊரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எல்லாம் கல். சோளக்காட்டுக்கு வேலியாக நட்டிருந்தது பலகைக் கல். சுவர் கல், கூரை கல், மாடு தண்ணீர் குடிக்கிற தொட்டியும் கல். வாசற்படிகள் கால் பட்டுப் பட்டு நடுவில் குழிந்திருந்தன. ஆட்களெல்லாம் காட்டு வேலைக்குப் போயிருந்ததால் தெருவில் சத்தமே இல்லை, எங்கள் மாட்டுச் சலங்கை மட்டும் சுவர்களில் பட்டுத் திரும்பி வந்தது. எனக்குப் பயமாக இல்லை. கோயிலுக்குள் வந்த மாதிரி இருந்தது.

மாப்பிள்ளை எங்களைக் கும்பிட்டார். கும்பிட்ட கையோடு மாடுகளை அவிழ்த்துத் தொட்டிக்கு ஓட்டிப்போனார். அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மாமா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இங்க கல்லுதானுங்க வெளையுமாட்டம் இருக்குது" என்றார்.

பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தேன்.

"தண்ணி தவிக்குதா கண்ணு? உள்ள அத்தை இருப்பாங்க, போ" என்றார், என் பக்கம் திரும்பாமலே.

மாப்பிள்ளையின் அம்மா அடுப்படியில் இருந்தார். "வெய்யல்ல வந்த புள்ளைக்கு வெறுந்தண்ணியா குடுக்கறது?" என்று சொல்லிக்கொண்டே கம்மஞ்சோற்றில் தயிர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் உரித்து வைத்தார். கல்தரை சில்லென்று இருந்தது. முதல் வாயில் அம்மா சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. மூன்றாவது வாயில் மறந்துபோயிற்று.

ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நான் வெளியே வர, பின்னாலேயே அந்த அம்மாளும் வந்து, "கொழந்தை ரண்டு தரம் வாங்கிச் சாப்புட்டுதுங்க" என்று சந்தோஷமாகச் சொன்னார்.

அப்பா துள்ளி எழுந்தார். "என்ன காரியம் பண்ணிப்போட்டே!" என்று அவர் கத்தியதை அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்டேன். பிறகு குரலை இறக்கி மாமாவிடம், "ஏனுங்க மச்சான், வழக்கம் தெரிஞ்சவுங்க நீங்க. நீங்களே சொல்லுங்க. நம்மூட்டுப் புள்ளை கை நனைச்சா நாம நனைச்சதாகாதுங்களா?" என்று கேட்டார்.

குழந்தை தின்றது கணக்கில்லை என்று வேறு யாராவது சொல்லியிருக்கலாம். வெற்றிலைக்கே பாதி சம்மதம் என்று தீர்ப்புச் சொன்னவர் எப்படிச் சொல்வார்? மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கடைசியில், "எலை போடச் சொல்லுங்க" என்றார்.

காங்கேயம் வருகிற வரைக்கும் அப்பா என்னை வைதார். நான் அழுதேன். அங்கே மாமா மறுபடியும் கண் அயர்ந்ததும், அப்பா வண்டியை நிறுத்தி ஒரு பொட்டணம் கடலை மிட்டாய் வாங்கி என் மடியில் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சோளத்தட்டுப் போருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அக்கா தேடி வந்தாள். "உன்னையக் கல்லுக்குள்ள குடுத்துப்போட்டேன் அக்கா" என்றேன். அவள் என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். உடம்பு குலுங்கியது. என்னால்தான் அழுகிறாள் என்று நினைத்து நானும் சேர்ந்து அழுதேன்.

அந்தக் கல்வீட்டில் அக்கா நாற்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தாள். அந்த மனிதர் அவளை ஒரு சுடுசொல் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்குக் கஷ்டம் வந்த காலத்தில் என் பிள்ளைகள் அங்கேதான் வளர்ந்தார்கள், அதே சில்லென்ற தரையில் அதே கம்மஞ்சோற்றைத் தின்று. நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

என் மகளுக்கு இடம் பார்க்கப் போன அன்றைக்குத்தான், வண்டியில் தண்ணீரை எடுத்து வைக்கும்போது, அந்தச் சொம்பு ஞாபகத்துக்கு வந்தது. எங்கள் அப்பா கை கழுவுகிற தண்ணீரைக்கூட முருங்கை மரத்தடியில் ஊற்றுகிறவர். குடிக்கிற தண்ணீரில் கால் கழுவுகிற ஆளில்லை. திரும்பி வந்ததும் நேராகப் போய் அவரிடம் கேட்டேன். தளர்ந்துபோய்க் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"அன்னைக்குக் காலு காந்துச்சு கண்ணு" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

அழுத பிள்ளைக்குச் சமாதானம் என்று நினைத்துத்தான் அந்தக் கடலை மிட்டாயைத் தின்றேன். அது என் கூலி என்று தெரிந்திருந்தால், அவ்வளவு அழுதிருக்க மாட்டேன்.