வாயில் நான்கு குண்டூசிகள்

என் அக்காவை அருங்காட்சியகத்தில் எல்லோரும் ‘ரேடியோ’ என்றுதான் கூப்பிடுவார்கள். படக்கூடத்தில் காவல் வேலை. வருகிறவர்களை அமைதியாக இருக்கச் சொல்ல வேண்டியவள் அவள். அங்கே அதிகம் பேசுகிறவளும் அவள்தான். இன்னொரு புகார் வந்தால் பைகளை வாங்கி வைக்கும் இடத்துக்கு மாற்றிவிடுவதாக மேலதிகாரி அம்மா சொல்லிவிட்டார். அன்று அக்காவுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அந்தப் படங்களை விட்டு அவளால் இருக்க முடியாது.

நானும் அங்கேதான் வேலை செய்கிறேன். படங்களுக்குக் கீழே வைக்கும் விளக்க அட்டைகளை எழுதுவது என் பொறுப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கேலிச் சித்திரங்களைக் கண்காட்சிக்கு வைத்தபோது, ஒன்றோடு மட்டும் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். வாசலில் நுழைய முடியாத அகலத்துக்குப் பாவாடை கட்டிய ஒரு சீமாட்டி. சுற்றிலும் தோழிகள், வாயைப் பிளந்து சிரிக்கிறார்கள். கீழே மண்டியிட்டுப் பாவாடையின் ஓரத்தை மடிக்கும் தையல்காரி மட்டும் உதட்டை இறுக்கி வைத்திருக்கிறாள். ‘எஜமானியின் பகட்டை வெறுக்கும் பெண்’ என்று எழுதினேன். எனக்கே என்மேல் பெருமை.

அக்கா அட்டையைப் படித்தாள். "என்னடா எழுதி வெச்சிருக்கே? இவ யாரையும் வெறுக்கல. வாயில குண்டூசி இருக்கு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இதுக்குன்னே படிச்சவன் நானா, நீயாக்கா?"

"நீதான். யாரு இல்லேன்னா? லென்ஸ எடுத்துட்டு வந்து பாரு."

பார்த்தேன். உதட்டோரத்தில் நான்கு மெல்லிய கோடுகள். அச்சுக் கீறல் என்று நான் தள்ளிவிட்டவை.

அக்கா வழக்கமில்லாத தணிந்த குரலில் சொன்னாள்: "தையல் கடையில பன்னெண்டு வருஷம் இப்படித்தான் முட்டி போட்டுக்கிட்டு இருந்தேன். மேல நிக்கிறவங்க அவங்க பாட்டுக்குப் பேசுவாங்க. என்னைப் பத்தியே பேசுவாங்க. பதில் சொல்லணும்னா ஊசிய முழுங்கணும். இதை வரைஞ்சவன் அதைத்தான்டா வரைஞ்சிருக்கான். அத்தனை பேரும் வாயத் திறந்திருக்காங்க, வேலை செய்யறவளால மட்டும் திறக்க முடியல."

அவள் ஏன் ஓயாமல் பேசுகிறாள் என்பது நாற்பது வயதில்தான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு, ‘வாயில் ஊசி இருப்பதால் பேச முடியாத தையல்காரி’ என்று புதிதாக எழுதினேன்.

கண்காட்சியின் திறப்பு நாளன்று மேலதிகாரி அந்தப் படத்தின் முன் வந்து நின்று அட்டையைப் படித்தார். புகாருக்குப் பயந்து அக்கா, படத்தில் இருந்தவளைப் போலவே உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

"இந்த ஊசிய யார் கண்டுபிடிச்சது?"

நான் அக்காவைக் காட்டினேன். அதிகாரி பின்னால் வந்த விருந்தினர்களைக் கூப்பிட்டார். "எல்லாரும் இங்க வாங்க. இந்தப் படத்தைப் பத்தி இவங்க சொல்வாங்க."

அக்கா ஆரம்பித்தாள். சாப்பாட்டு மணி அடித்தும் நிறுத்தவில்லை. யாரும் புகார் சொல்லவில்லை; நானும் குறுக்கே பேசவில்லை.