டூருக்கு ஒரே லென்ஸ்

"டூருக்கு ஒரே ஒரு லென்ஸ்தான்னா எதை எடுத்துட்டுப் போறது சார்?" என்று இப்போதும் என்னிடம் கேட்கிறார்கள். கேட்டாலே எரிச்சல் வருகிறது. காரணம் சொல்கிறேன்.

அறுபதுகளின் கடைசியில் போர்ட் பிளேரில் அரசு போட்டோகிராஃபராக இருந்தேன். ஆபீஸில் ஒரு கேமரா, மூன்று லென்ஸ்: முப்பத்தைந்து, ஐம்பது, நூற்று முப்பத்தைந்து மில்லிமீட்டர். எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது கிட்ட வரும், படத்தில் விழும் இடம் குறுகும். இந்த ஊர் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை படரும். அதனால் அலமாரிக்குள் பல்பை எரியவிட்டு அந்தச் சூட்டில் வைத்திருப்போம். டூருக்கு ஒன்றுதான் வெளியே வரும். அது எது என்பதில் ஆபீஸில் எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. கேமராவைத் தொட்டே பார்க்காதவர்களுக்கு இரண்டு.

எங்கள் செக்‌ஷன் ஆபீசர் மன்னார்குடிக்காரர். "நூத்தி முப்பத்தஞ்ச எடுத்துட்டுப் போய்யா. நீளமா இருக்கு, பாக்கிறவனுக்கும் ஒரு மரியாதை வரும். பாக்கி ரெண்டும் இங்கயே கிடக்கட்டும், பாரிஷ்ல கராப் ஆயிடும்" என்றார். மழையில் கெட்டுவிடும் என்பதை இந்த ஊரில் இந்தி கலந்து அப்படித்தான் சொல்வோம்.

"சார், எடுக்கப் போறது புது ரோடு. அதுல எடுத்தா ஜல்லிதான் தெரியும்."

"அப்ப உன் இஷ்டம். படம் சரியில்லன்னா என்கிட்ட வராத."

முப்பத்தைந்தை எடுத்துக்கொண்டு சௌல்தாரி கிராமத்துக்குப் போனேன். ரோடு வேலையைப் படம் எடுத்து முடித்தபோது ரோலில் ஒரு ஃபிரேம் மிச்சம். ரோடு கேங்கின் மேஸ்திரி முருகேசன் பின்னாலேயே வந்தான். ராமநாதபுரத்துக்காரன். மெயின்லேண்டில் அவனுக்குப் பெண் பேசியிருந்தார்கள். பெண்ணின் அப்பா, அந்தமான் என்றால் காடும் கைதியும்தானே, வீடுவாசல் இருக்கிறதென்று படம் வந்தால்தான் மேற்கொண்டு பேச்சு என்று சொல்லிவிட்டாராம். ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் இந்தப் பயத்திலேயே கலைந்திருந்தது.

"அண்ணே, தகரக் கூரை தெரியணும். பாக்கு மரம் தெரியணும். மூஞ்சியும் தெளிவா இருக்கணும்."

வீடு முழுக்க விழும்படி பின்னால் போனால் வாசலில் நிற்பவன் முகம் கடுகாகிவிடும். "வாசல்ல நிக்காத, என் பக்கத்துல வா. வீடு பின்னால விழும்" என்றேன். வந்தான். திரும்பிப் பார்த்தான். வாசலில் அவன் அம்மா நின்றிருந்தாள். மறுபடி அங்கேயே போய்விட்டான்.

"அம்மாவுக்கு முதுகு காட்டிக்கிட்டு எப்படிண்ணே நிக்கிறது? பாக்கிறவங்க என்ன நெனப்பாங்க?"

"சரி, அம்மாவும் வரட்டும்."

அம்மா வந்தாள். "மாட்ட விட்டுட்டனே தம்பி. மாடு இருக்குன்னு தெரிஞ்சாத்தானே பொண்ணு குடுப்பாங்க" என்று திரும்பிப் போனாள். மாடு வந்தது. வாலை ஆட்டிக்கொண்டே இருந்தது. வெளிச்சம் மங்கியது. என் காலில் அட்டை ஏறியது. "யாரும் அசையாதீங்க" என்று கத்தினேன். மாட்டையும் சேர்த்துத்தான்.

படம் நன்றாகவே வந்தது. கூரை, பாக்கு மரம், மாடு, அம்மா, முருகேசன் முகம் எல்லாம் இருந்தன. கப்பல் தபாலில் அனுப்பினான். பதில் வந்ததும் ஆபீஸுக்கே வந்து நின்றான்.

"அப்பாவுக்கு சம்மதமாம். பொண்ணுதான் கேக்குதாம், தண்ணி எங்க எடுக்கிறதுன்னு."

கிணறு எனக்குப் பின்னால் இருந்தது. அதன் சுவரில் சாய்ந்துகொண்டுதான் படம் எடுத்தேன். அந்த வீட்டில் வாழப்போகிறவளுக்கு எது தெரிய வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. மறுபடி சௌல்தாரி போக வேண்டுமே என்று எரிச்சலாகவும் இருந்தது.

அதே முப்பத்தைந்தைப் போட்டு, கிணற்றுக்குக் கிட்டப் போய்க் குனிந்து ஒரு படம் எடுத்துக் கொடுத்தேன். அவள் கப்பல் ஏறினாள்.

கல்யாணமான பிறகு அந்தப் பக்கம் போனேன். தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். நான்தான் படம் எடுத்தவன் என்று முருகேசன் சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"படத்துல கிணறு பெருசா இருந்துச்சேண்ணே" என்றாள்.

முப்பத்தைந்தில் கிட்ட இருப்பது பெரிதாகத்தான் விழும். அதை விளக்க நான் போகவில்லை. ஒரே லென்ஸ் என்றால் இன்றும் முப்பத்தைந்துதான் சொல்வேன். எதைக் கொண்டுபோனாலும் யாராவது குறை சொல்லத்தான் செய்வார்கள். அவள் தன் குறையை, கடல் தாண்டி வந்து, தன் வீட்டுக் கிணற்றடியில் நின்று சொன்னாள். எனக்கு அது போதும்.