அம்மன் பேரில் ஒரு வெப்சைட்

அக்கா வீட்டுக்காரருக்கு இடம் வாங்குவதில் ஒரு பைத்தியம். வாலாஜாபாத் போகிற வழியில் அவருக்கு ஒரு மனை இருந்தது. மூலைக்கு ஒரு கல் நட்டு, நடுவில் முள்செடி மண்டி, பேருக்கு மனையாகக் கிடந்தது. பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "கல்லு இருக்குதுபா" என்று திருப்தியாகச் சொல்லிக்கொள்வார். இரண்டாயிரம் பிறந்த புதிதில் இதே புத்தியோடு அவர் இன்டர்நெட்டிலும் இடம் வாங்க ஆரம்பித்தார்.

மாமா பட்டுப் புடவை ஏஜெண்ட். தறி வீடுகளில் புடவை எடுத்துச் சென்னைக் கடைகளுக்குப் போடுவார். அங்கே ஏதோ ஒரு கடைக்காரரின் மகன், நல்ல நல்ல பெயர்களாக இப்போதே இன்டர்நெட்டில் பதிந்து வைத்துக்கொண்டால் பிற்பாடு வெளிநாட்டுக்காரன் வீடு தேடி வந்து வாங்குவான் என்று சொல்லியிருக்கிறான். அவ்வளவுதான். நான் அப்போது பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தேன். மாமா என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பேங்க்காரன் தலையில் கட்டிய கிரெடிட் கார்டை எடுத்து வைத்துக்கொண்டு, "இத அடிச்சுப் பாரும்மா, யாராச்சும் எடுத்துட்டானா" என்பார். யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். பட்டின் பேரில் ஒன்று, இட்லியின் பேரில் ஒன்று, கல்யாணத்தின் பேரில் ஒன்று வாங்கினார். எங்கள் தெருவின் பேரில்கூட ஒன்று வாங்கினார். அந்தச் சின்னத் தெருவின் பெயரை உலகத்தில் வேறு எவன் கேட்கப்போகிறான் என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். கடைசியாக வாங்கியது அம்மன் பேரில்.

எந்த வெளிநாட்டுக்காரனும் வரவில்லை. மனையைப் போலவே பெயர்களும் சும்மா கிடந்தன. சும்மா கிடக்கிற மனையில் ஒரு கொட்டகையாவது போடலாம் என்று மாமாவுக்குத் தோன்றிவிட்டது. கொட்டகை போட வேண்டியவள் நான். ஓய்வு நேரத்தில் ஒரு தடித்த புத்தகத்தை வைத்துக்கொண்டு வெப்சைட் செய்யக் கற்றுக்கொண்டேன். முதலில் பட்டு. எங்களிடம் டிஜிட்டல் கேமரா கிடையாது. பத்திரிகைக்குப் பிள்ளையார் படம் ஸ்கேன் செய்கிற ஸ்கேனரின் மேல் புடவை முந்தானையைக் கவிழ்த்துப் போட்டு, மூடியை அழுத்திப் பிடித்து ஸ்கேன் செய்தேன். அரக்கு நிறம் கருகின கத்தரிக்காய் நிறத்தில் வந்தது. ஜரிகை சாம்பலாக வந்தது. ஒரு புடவை போகவில்லை. இட்லி சைட்டுக்கு ஒரே ஒரு கடிதம் வந்தது. மந்தார இலை கிடைக்காவிட்டால் வாழை இலையில் வேகவைக்கலாமா என்று ஒரு அம்மாள் கேட்டிருந்தார்.

அம்மன் சைட்டுக்கு மட்டும் ஆள் வந்தது. கோயில் திருவிழா எந்தெந்த நாளில் என்று காலண்டரைப் பார்த்து அடித்து வைத்திருந்தேன். அதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வந்தார்கள். மாமாவுக்கு உடனே யோசனை பிறந்தது.

"வர்றவங்க கிட்ட பேரு, நட்சத்திரம், கோத்திரம் கேளு. இன்னா வேண்டுதல்னு கேளு. வெள்ளிக்கிழமை நீ கோயிலுக்குப் போற இல்ல, அப்படியே அவங்க பேருக்கும் அர்ச்சன பண்ணிட்டு வந்துடு. துட்டு வாங்காத. வேண்டிக்கினு போறவங்க கீழ புடவையும் பாப்பாங்க."

எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. இது கோயில் நடத்துகிற சைட் இல்லை, நாங்கள் புடவை விற்கிறவர்கள் என்று மேலேயே போட்டேன். யாரும் அதைப் படிக்கவில்லை. வேண்டுதல்கள் வந்தன. விசா கிடைக்க வேண்டும், பரீட்சை தேற வேண்டும், வரன் அமைய வேண்டும். நான் எல்லாவற்றையும் ஒரு தாளில் பிரிண்ட் எடுத்து, அர்ச்சனைத் தட்டோடு குருக்களிடம் நீட்டினேன். அவர் தாளைத் தூரமாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா, ரேஷன் கடையா" என்றார். ஆனாலும் ஒரு பெயர் விடாமல் சொன்னார். ஊருக்குப் பழகியவர். எங்கள் அம்மா காலத்திலிருந்து எங்கள் வீட்டு நட்சத்திரங்கள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம்.

விசா வந்தவர்கள் நின்றுபோனார்கள். வரன் அமைந்தவர்களும் நின்றுபோனார்கள். புடவைப் பக்கத்தை யாரும் பார்க்கவில்லை. அந்த நேரத்தில்தான் ஒரு பெண்ணின் கடிதம் வந்தது. எந்த நாடு என்று சொல்லாமல், குளிர் நாடு என்று மட்டும் எழுதியிருந்தாள். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தாள். மகனுக்கு ரத்தத்தில் வியாதி, சின்னப் பையன், ஆஸ்பத்திரியிலேயே கிடக்கிறான், குருக்கள் அய்யா அவன் பேருக்கு வெள்ளிக்கிழமை தோறும் அர்ச்சனை செய்ய வேண்டும் என்று இருந்தது. பெயரும் நட்சத்திரமும் போட்டிருந்தாள். கோத்திரம் தெரியாது என்றாள்.

நான் நேர்மையாகவே பதில் எழுதினேன். நான் குருக்கள் இல்லை, கோயில் ஆபீஸும் இல்லை, கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கிறவள், ஆனால் வெள்ளிக்கிழமை போவேன், செய்கிறேன் என்று. மறுநாளே அவளிடமிருந்து வந்தது. "நீங்க யாரா இருந்தா என்னங்க. கோயிலுக்குப் பக்கத்துல இருக்கீங்க இல்ல."

அந்த ஒரு வரியை நான் வேலைக்கு நடுவே பலமுறை திறந்து படித்தேன். கோத்திரத்துக்கு மாமா வழி சொன்னார். "நம்முளுது சொல்லிடும்மா. சிவ கோத்திரம். தெரியாதவங்க அல்லாரும் அதான் சொல்றாங்க." அப்படி அந்தப் பையன் எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் வரிசையில் வந்து நின்றுவிட்டான்.

வெள்ளிக்கிழமை தவறவில்லை. நான் தூரமாக இருக்கிற வாரத்தில் அக்கா போனாள். போய் வந்ததும் நான் சென்டருக்குப் போய் அந்தப் பெண்ணுக்கு எழுதுவேன். இன்று அம்மனுக்குப் பச்சைப் புடவை, கூட்டம் அதிகம், குருக்கள் உங்கள் பையன் பேரை இரண்டு தடவை சொன்னார். இவ்வளவுதான் எழுத முடிந்தது. அவள் ஆஸ்பத்திரிச் செய்தி எழுதுவாள். இன்று சாப்பிட்டான். இன்று சாப்பிட்டதை வாந்தி எடுத்தான். முடியெல்லாம் கொட்டிவிட்டது, கண்ணாடியை எடுத்துவிடச் சொன்னான். கீபோர்டின் முன்னால் அந்த வரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் பத்திரிகை அடிக்க வந்தவர், மாப்பிள்ளையின் பட்டத்தைப் பெரிய எழுத்தில் போடச் சொல்லி அவசரப்படுத்திக்கொண்டிருப்பார்.

குருக்களும் தட்டை வாங்கும்போது கேட்க ஆரம்பித்தார். "கொழந்தை எப்படி இருக்கான்?" நான் கடிதத்தில் இருந்ததைச் சொல்வேன். அவர் அவன் பேருக்கென்று தனியாகக் கொஞ்சம் குங்குமம் மடித்துத் தருவார்.

ஆடி பிறப்பதற்கு முன்னால் ஒரு கடிதம் வந்தது. அவனுக்கு வேறொருவருடைய எலும்பு மஜ்ஜையை எடுத்து ஏற்றப் போகிறார்களாம். பிழைத்தால் அதில்தான் பிழைப்பான் என்று டாக்டர் சொன்னாராம். ஏற்றி முடித்ததும் எழுதுகிறேன் என்று முடித்திருந்தாள். நான் தினமும் காலையில் சென்டரைத் திறந்ததும் முதலில் சைட்டின் அஞ்சல் பெட்டியைத்தான் திறந்தேன்.

ஆடியில் ஒருநாள் பெட்டி திறக்கவில்லை. சைட்டும் வரவில்லை. பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டிய பெயரின் தவணை முடிந்துவிட்டது என்று ஓர் அறிவிப்பு மட்டும் நின்றது. அந்த அஞ்சல் பெட்டி பெயரோடு இலவசமாக வந்தது. பெயர் போனதும் அதுவும் மூடிக்கொண்டது. அவளுடைய கடிதங்கள் அத்தனையும் அதற்குள் இருந்தன. அவளுடைய ஈமெயில் விலாசமும் அதற்குள் இருந்தது. ஏதோ எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான விலாசம். பதில் பட்டனை அழுத்தி அழுத்தியே பழகியதால் நான் அதை ஒருமுறைகூட முழுதாகப் படித்ததில்லை.

ஓடிப்போய் மாமாவிடம் சொன்னேன். கார்டு அவருடையது, கணக்கும் அவருடையது. இன்னும் சில வாரம் அவகாசம் இருக்கிறது, இப்போதே புதுப்பித்துவிடலாம் என்றேன்.

"ஆடி பொறந்துட்டுதேம்மா" என்றார்.

"பொறந்தா இன்னா?"

"ஆடில எவனாச்சும் பத்திரம் பண்றானா? ஆவணி மொத முகூர்த்தத்துல பண்ணிடலாம். மனை எங்க ஓடிடப் போவுது?"

இது மனையில்லை மாமா என்று கத்தினேன். அந்தப் பையனுக்கு இந்த வாரம்தான் ஏற்றுகிறார்கள், அவள் எழுதினால் எங்கே வந்து விழும் என்றேன். மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. அவருக்கும் அவன்மேல் பாசம்தான். சாப்பிடும்போதெல்லாம் அவனைப் பற்றிக் கேட்பவர். மெதுவாகச் சொன்னார்.

"அதுக்குத்தாம்மா பயப்படறேன். நோயில கெடக்குற கொயந்த பேர்ல நடக்குற காரியம். ஆடில கை வெச்சு, நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா, நான் சாவுற வரைக்கும் நெனச்சுக்கினு இருப்பேன்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அக்காவும் அவர் பக்கம்தான் நின்றாள். சென்டர் முதலாளியிடம் கார்டு கேட்டேன், அவரிடம் கார்டே இல்லை. ஊரில் கார்டு வைத்திருந்த வேறு யாரையும் எனக்குத் தெரியாது. ஆடி வெள்ளிகளில் அம்மன் கோயிலில் நிற்க இடமில்லாத கூட்டம். மஞ்சள் புடவைகளுக்கு நடுவே தட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். குருக்கள் கேட்டதற்கு, "இன்னும் லெட்டர் வரல சாமி" என்றேன்.

ஆவணி முதல் முகூர்த்தத்தன்று மாமா குளித்து விபூதி இட்டுக்கொண்டு, ராகு காலம் போன பிறகு சென்டருக்கு வந்தார். கார்டைப் பிள்ளையார் படத்தின் முன் வைத்துவிட்டு எடுத்துக் கொடுத்தார். நான் அடித்தேன். அவகாசம் முடிந்து, ஏலத்தில் போய், பெயர் வேறு யாருக்கோ சொந்தமாகிவிட்டிருந்தது. மாமா நம்பவில்லை. இன்னொரு தரம் அடிக்கச் சொன்னார். அடித்தேன். ஸ்டூலை விட்டு எழுந்து, கார்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவர் ஒரு பெயரும் வாங்கவில்லை.

வாங்கியவன் அம்மன் பேரில் ஒரு விளம்பரப் பக்கத்தை வைத்தான். ஓட்டல், கடன், ரிங்டோன், திருமணத் தகவல் என்று வரிசையாக இருந்தது. வேண்டுதல் எழுத இடமில்லை. தொடர்பு கொள்ள ஒரு விலாசம் இருந்தது. அதற்கு எழுதினேன். பெயர் எனக்கு வேண்டாம், எங்கள் பழைய பெட்டிக்கு ஏதாவது கடிதம் வந்தால் மட்டும் எனக்குத் தள்ளிவிடுங்கள், ஒரு குழந்தை சம்பந்தப்பட்டது என்று. பதிலாக அந்தப் பெயரின் விற்பனை விலை வந்தது. மறுபடி எழுதினேன். மறுபடியும் விலைதான் வந்தது. பையனின் பெயரைத் தேடிப் பார்த்தேன். அந்தப் பெயரில் உலகமெங்கும் பிள்ளைகள் இருந்தார்கள்.

அவள் எழுதியிருப்பாள். என்ன எழுதியிருப்பாள் என்றுதான் தெரியாது. நான் பதில் போடவில்லை என்று என்ன நினைத்திருப்பாள் என்றும் தெரியாது.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் தட்டுக்கடை முன்னால் நின்றுவிட்டேன். அர்ச்சனை என்பது ஆயுளும் ஆரோக்கியமும் கேட்டுச் செய்வது. போனவர்கள் பேருக்குச் செய்யக் கூடாது. அவன் போயிருந்தால் நான் செய்வது பெரிய தப்பு. நான் நிறுத்தினால், அவன் போய்விட்டான் என்று நானே முடிவு கட்டியது ஆகிவிடும். அதைச் சொல்ல நான் யார். கடைக்காரம்மா, "இன்னா யோசிச்சிக்கினு நிக்கிற, தட்டு வோணுமா வோணாமா" என்றாள். வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

குருக்கள் கேட்டார். "கொழந்தை எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான் சாமி."

அவர் கண்ணை மூடி அவன் பெயரைச் சொன்னார். சிவ கோத்திரம், நட்சத்திரம், பெயர். அதன் பிறகு அவர் கேட்கிற ஒவ்வொரு தடவையும் நான் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. முடி முளைத்துவிட்டது என்றேன். பள்ளிக்கூடம் போகிறான் என்றேன். எனக்குக் கல்யாணம் ஆகி மகள் பிறந்தாள். சென்டரை மூடிவிட்டு முதலாளி வேறு தொழிலுக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை மட்டும் மாறவில்லை. என் மகள் பேருக்கு முன்னால் அவன் பேர் வரும்.

இப்படிப் பல வருஷம் போன பிறகு, மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை குருக்கள் தட்டை வாங்கியபடியே, "பையன் பெரியவனாகியிருப்பானே, என்ன படிக்கறான்?" என்றார். நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

"பத்தாவது சாமி. பரீட்சை வருது."

"அப்படின்னா பேனா கொண்டு வந்திருக்கலாமே. அம்மன் பாதத்துல வெச்சுத் தருவேன்."

சன்னதித் தெருவுக்கு ஓடிப்போய் ஒரு நீல மைப் பேனா வாங்கி வந்தேன். பாதத்தில் வைத்து எடுத்து, குங்குமம் தடவி, பூவோடு என் கையில் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அலமாரியில் வைத்தேன். மகள் எடுத்துக் கிறுக்கப் போனாள், பிடுங்கி மேல்தட்டில் வைத்தேன். அது அண்ணனுடையது என்று சொல்லிவிட்டேன். அதை அனுப்ப எனக்கு விலாசம் தெரியாது.

பரீட்சையெல்லாம் முடிந்த வாரம் வழக்கம்போலத் தட்டோடு போய் நின்றேன்.

"நன்னா எழுதினானா?" என்று கேட்டார் குருக்கள்.

"எழுதியிருக்கான் சாமி" என்றேன்.