காசிநாதன் சார் போட்ட ஊசி

தா.பழூரை அடுத்த ஒரு காலனித் தெருவில் இருக்கும் வீராயிக்கு அறுபத்திரண்டு வயது. சர்க்கரை மாத்திரை வாங்க மாதம் ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவாள். சென்ற ஆடி மாதம் போனபோது நர்ஸ் பூங்குழலி அவளை உட்காரச் சொல்லி விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாள். ஹெபடைடிஸ் சி என்று ஒரு கிருமி. ரத்தத்தின் வழியே வந்து, வலியே காட்டாமல் வருடக்கணக்கில் கல்லீரலைத் தின்னும். அது இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. எடுப்பதற்கு முன் தாளைப் பார்த்துச் சில கேள்விகள் கேட்டாள். ரத்தம் ஏற்றியதுண்டா, பச்சை குத்தியதுண்டா, டாக்டர் அல்லாதவரிடம் ஊசி போட்டதுண்டா.

கடைசிக் கேள்விக்கு "இல்லீங்கம்மா" என்றாள் வீராயி. அது பொய்.

சற்று நேரத்தில் அட்டையில் இரண்டு கோடுகள் தெரிந்தன. இரண்டு கோடு என்றால் கிருமி இருக்கலாம் என்று பூங்குழலி தயங்கிச் சொன்னதும் வீராயி கேட்டாள்: "ரெண்டு கோடா? இந்த வயசுலயா?" நர்ஸ் சிரித்துவிட்டாள். பிறகு கையைப் பிடித்துக்கொண்டு விளக்கினாள். அரியலூர் பெரிய ஆஸ்பத்திரியில் இன்னொரு ரத்தச் சோதனை செய்து உறுதியானால், பன்னிரண்டு வாரம் இலவச மாத்திரை. ஊசி கிடையாது என்று கேட்டதும் வீராயிக்கு முகம் விழுந்துவிட்டது. ஊசி போடாத வைத்தியத்தை அந்தத் தெரு என்றைக்கும் வைத்தியமாக எடுத்துக்கொண்டதில்லை.

அவள் மறைத்த பெயர் காசிநாதன். ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்துவிட்டு, எண்பதுகளில் சைக்கிளில் ஊர் ஊராகப் போன கம்பவுண்டர். நடவுக் காலத்தில் சனிக்கிழமை சாயங்காலம் அவர் சைக்கிள் மணி கேட்டால் தெருவே புளியமரத்தடியில் கூடிவிடும். மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் சின்ன அலுமினியச் சட்டி கொதிக்கும். அதற்குள் கண்ணாடி ஊசி கடகடவென்று ஆடும். சிவப்பு நிறத்தில் சத்து ஊசி. குத்தியதும் மூக்கில் ஒரு மருந்து வாசனை ஏறும். பகலெல்லாம் சேற்றில் குனிந்து நின்ற இடுப்புக்கு அந்த வாசனையே பாதி சுகம். ஸ்பிரிட் பஞ்சின் குளிர்ச்சி, வரிசையில் முந்தியவளை மற்றவர்கள் பின்னால் இழுத்துவிட்ட கேலி, ஊசி போட்ட கையைத் தேய்த்தபடி வீடு திரும்பிய வழி எல்லாவற்றையும் நேற்று நடந்ததுபோல் வீராயி சொல்வாள்.

ஆனால் அவள் அதிகம் சொல்வது வேறு. அந்த நாளில் டவுனில் இருந்த டாக்டர் காலனிக்காரர்களைத் தொட மாட்டார். வாசலில் நிற்கவைத்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு மாத்திரையை மேஜையில் போடுவார். படித்து வாங்கிய பட்டம் அவருக்குக் கற்றுக்கொடுத்தது அவ்வளவுதான். காசிநாதனுக்குப் பட்டம் இல்லை. ஆனால் அவர் கையைப் பிடித்தார். மேலெல்லாம் சுடுதே என்று நெற்றியைத் தொட்டார். அவர்கள் வீட்டு டம்ளரில் டீ குடித்தார். இருபது வருடத்துக்கு முன்பு இறந்துபோன அவருடைய படம் அந்தத் தெருவில் ஆறு வீட்டுச் சுவரில் இன்னும் இருக்கிறது.

அரியலூரில் சோதனை உறுதியானது. வீராயி மாத்திரையைத் தொடங்கினாள். தன்னைப் பற்றி அவளுக்குப் பயம் இல்லை. பயமெல்லாம் முத்தாயியைப் பற்றித்தான். முத்தாயி அவள் கணவனின் தம்பி மனைவி. ஒரே வருடத்தில் வாக்கப்பட்டு வந்தவர்கள். புளியமரத்தடி வரிசையில் எப்போதும் வீராயிக்கு அடுத்து நிற்பவள். பொங்கலிலிருந்து முத்தாயிக்குக் கால் வீங்குகிறது, வயிறு உப்புகிறது. கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஊசியில்தான் கிருமி வந்திருக்கும், சோதனைக்கு வா என்று வீராயி சொன்னதும் முத்தாயி சீறினாள். "யக்கா, அவரு ஊசியில நோவு வந்துச்சுன்னு தெருவுல சொல்லித் திரியாத. நம்மளத் தொட்ட ஒரே மனுசன். அவரு பேரக் கெடுக்கத்தான் இந்த ரத்தமெல்லாம் எடுக்குறாங்க." வீராயி மூன்று தடவை போனாள். மூன்று தடவையும் இதே பதில். மூன்றாவது தடவை முத்தாயியின் கண் வெள்ளை மஞ்சளாகியிருந்தது.

நான்காவது தடவை வீராயி காசிநாதனைப் பற்றிப் பேசவில்லை. தன்னைப் பற்றிப் பேசினாள்.

"ஒவ்வொருத்தருக்கும் போட்டதும் ஊசிய மறுபடி வேவ வெக்கணும்னுதான் அவரு ஸ்டவ்வப் பத்த வெப்பாரு. நான்தான் ஒரு நா தடுத்தேன். நாமெல்லாம் ஒரே ரத்தந்தான சார், நமக்குள்ள என்ன தீட்டு, சீக்கிரம் குத்தி வுடுங்க, வூட்டுல சோறாக்கணும்னேன். எல்லாரும் ஆமா ஆமான்னீங்க. அப்புறம் அவரு பஞ்சால தொடைச்சுட்டுக் குத்துனாரு. அதுவே பழக்கமாப் போச்சு."

ஊரெல்லாம் அவர்களைத் தீட்டு என்று தள்ளி வைத்தது. தங்களுக்குள் அந்தச் சொல்லே நுழையக் கூடாது என்று அவர்கள் வைராக்கியமாக இருந்தார்கள். சாதி கண்டுபிடித்த பொய்த் தீட்டை எதிர்த்து நின்றவர்களுக்கு, கண்ணுக்குத் தெரியாத கிருமி என்று உண்மையான ஒன்று இருப்பதை எடுத்துச் சொல்ல ஒரு பள்ளிக்கூடமும் ஒரு டாக்டரும் அந்தத் தெருவுக்குள் வரவில்லை.

முத்தாயி, "நீ சொன்னா கேட்டுக்குறதா? அவரு படிச்சவருதான, அவருக்குத் தெரியாதா?" என்றாள். காசிநாதனைக் குறை சொல்லி அந்தத் தெருவில் ஒருவர் பேசிய முதல் வார்த்தை அது. சொன்னவளுக்கே கண் கலங்கியது.

"தெரியும்டி. நம்ம மேல இருந்த பிரியத்துல விட்டுட்டாரு."

மறுநாள் காலை முத்தாயி பஸ் ஏறினாள். அவளுக்கும் இரண்டு கோடு. அரியலூரில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், கிருமி போய்விடும், ஆனால் கல்லீரலில் விழுந்த தழும்பு போகாது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்றார். பத்து வருடம் முன்பு இந்தச் சோதனை அவள் தெருவுக்கு வந்திருந்தால் தழும்பே இருந்திருக்காது. அதை முத்தாயியிடம் யாரும் சொல்லவில்லை. அவளே கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டாள்.

வீராயி பன்னிரண்டு வாரத்தை முடித்துவிட்டாள். அதன்பின் எடுத்த சோதனையில் கிருமி இல்லை. தெருவில் இதுவரை முப்பத்தொரு பேர் விரலை நீட்டியிருக்கிறார்கள். ஐந்து பேருக்கு இருந்தது. இன்னும் பதினான்கு பேர் வர மறுக்கிறார்கள். வேலைக்குப் போகுமுன் அவர்கள் வீடுகளுக்கு வீராயி போகிறாள், இப்போது முத்தாயியும் கூடப் போகிறாள். உட்காரச் சொல்வதற்கு முன்பே, ஸ்டவ்வைப் பற்றவைக்க விடாமல் தடுத்தது தான்தான் என்று வீராயி சொல்லிவிடுகிறாள்.