அத்தையின் மீன் குழம்பும் என் டிக்கெட்டும்

தினமும் காலை பத்து மணி வாக்கில் மதில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கேள்வி வரும். "இன்னாமே, இன்னிக்கி இன்னா கொயம்பு?" முதலில் குரல்தான் வரும், தனம் அக்காவின் தலை அப்புறம்தான் தெரியும். வந்த புதிதில் எனக்கு இது விளங்கவே இல்லை. எங்கள் அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று பக்கத்து வீட்டுக்கு எதற்கு? பினாங்கில் இதைப் படிக்கும் உங்களில் யாராவது இப்படிக் கேட்டிருக்கிறீர்களா? நம்மூரில் கேள்வியே வேறு. "எங்கே சாப்பிட்டே?" என்போம். எந்தக் கடை, எந்த முச்சந்தி, பழைய சீனர் கையா அவர் மகன் கையா என்று அதிலேயே அரை மணி நேரம் போகும். இங்கே "எங்கே" என்று கேட்க ஒன்றுமே இல்லை. வீட்டில்தான். எப்போதும் வீட்டில்தான்.

எண்பத்தாறில் கல்யாணமாகி அம்பத்தூருக்கு வந்தேன். மாமியார் வேறு யாருமில்லை, அப்பாவின் சொந்த அக்கா. "அத்தை வீட்டுக்குத்தானே போறே, உனக்கென்ன" என்று எல்லாரும் சொல்லித்தான் விமானம் ஏற்றினார்கள். பொய்யில்லை. அத்தை என்னை ஒரு சொல் திட்டியதில்லை. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் மெஷின் ஓட்டும் என் கணவரும் அமைதியான ஆள். ஆனால் ஒன்று கவனியுங்கள்: கையைப் பிடித்து இழுத்தால் உதறலாம், தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தால் என்ன செய்வது? எங்கள் தெரு அண்ணனூர் போகும் தண்டவாளத்தை ஒட்டி இருக்கிறது. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது மின்சார ரயில்கள் ஷெட்டுக்குப் போவதைப் பார்ப்பேன். மின்விசிறி சுற்றும், ஜன்னலெல்லாம் திறந்திருக்கும், உள்ளே ஒரு ஆள்கூட இருக்க மாட்டார்கள். எனக்கு ஏறிக்கொள்ளத் தோன்றும். ஏறினாலும் ஷெட்டுக்குத்தான் போகும், அது வேறு விஷயம்.

பினாங்கில் நான் எப்படி இருந்தேன் என்று என்னோடு ஷிப்பிங் ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். மதிய இடைவேளை ஒரு மணி நேரம். அதற்குள் ஒரு நாட்டைச் சுற்றிவிட்டு வந்து டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். திங்கட்கிழமை, தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் நாசி கண்டார் சோறு, நாலு குழம்பையும் ஒன்றாய்க் கலந்து ஊற்றச் சொல்வேன். செவ்வாய், கரி அடுப்பில் குவே தியாவ் என்ற பட்டை அரிசி நூடுல்ஸைப் பிரட்டுகிற சீனர் முன்னால் போய் நிற்பேன். சட்டியைத் தூக்கி அவர் ஒரு உலுக்கு உலுக்கினால் அந்தப் புகைகூட ருசிக்கும். புதன், சயாம்காரம்மாவின் தொம்யாம், புளிப்பும் காரமுமான சூப். வியாழன், லக்சா: மீனை உதிர்த்துப் போட்ட புளிச்சாறு, வெள்ளை நூடுல்ஸ், மேலே புதினா, அன்னாசி, வெங்காயம், ஒரு கரண்டி கறுப்பு இறால் விழுது. சாப்பிட்டதையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பேன். ஜப்பான் பாக்கி, மெக்சிகோ பாக்கி என்று கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் வேறு. அந்த நோட்டைத்தான் கல்யாணப் பெட்டியில் எல்லாப் புடவைக்கும் மேலே வைத்து எடுத்து வந்தேன்.

அந்த நோட்டின் அம்பத்தூர்ப் பக்கங்களில் வாசனை மட்டும்தான் எழுதியிருக்கிறேன். ஒரு நாள் அத்தையோடு பூந்தமல்லிக்குப் போனேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பாய் கடையில் அப்போதுதான் பிரியாணி அண்டாவின் மூடியைத் திறந்தார்கள். என் கால் தானாக நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெஞ்சில் இடம் காலியாக இருந்தது. அத்தை என் முழங்கையைப் பிடித்தார். "ஊட்ல சோறு இல்லாத மாரி நின்னுகினு கீறியே. பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?" அன்றுதான் எனக்குப் பாடம் புரிந்தது. இந்த ஊரில் வீட்டு மருமகள் வெளியே சாப்பிட்டால், அவள் வாய்க்கு ருசி தேடினாள் என்று அர்த்தமில்லை. வீட்டில் போடவில்லை என்று அர்த்தம். என் கணவரிடம் சொன்னதற்கு, "ஓணும்னா பார்சல் வாங்கியாரேன், இதுக்கு இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கி வச்சிகினு கீற?" என்று மறுநாளே வாங்கி வந்தார். நல்ல பிரியாணிதான். ஆனால் எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பெஞ்சு.

போன வருஷம் அப்பா வந்தார். பத்து நாள் லீவு, கையில் எனக்கு ஒரு விமான டிக்கெட். தேதி போடாத டிக்கெட், ஒரு வருஷத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் போகலாம், வரலாம். "ஆறு மாசம் வந்து இருந்துட்டுப் போகட்டும்னு அக்காகிட்ட நான் கேக்கறேன்" என்று எனக்கு எழுதியிருந்தார். நான் அந்தக் கடிதத்தை நோட்டுக்குள் வைத்து நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். அத்தையும் எண்ணிக்கொண்டுதான் இருந்தார். கல்யாணத்துக்கு இங்கே வந்த அப்பா மண்டபச் சாப்பாட்டோடு திரும்பிவிட்டார். தம்பியை உட்கார வைத்துத் தன் கையால் சமைத்துப் போட்டு அத்தைக்கு முப்பது வருஷம் ஆகியிருந்தது. முதல் நாள் நண்டு, இரண்டாம் நாள் கறி, மூன்றாம் நாள் கருவாடு போட்ட கத்தரிக்காய்.

அப்பா பையில் ஒரு சின்னப் பாட்டில் இருந்தது. கிச்சாப், நம் வீடுகளில் எல்லா மேசையிலும் இருக்குமே, அந்தக் கறுப்பு சோயா சாஸ். அது இல்லாமல் அப்பாவுக்கு ஒரு வாய் இறங்காது. முதல் நாள் சாப்பாட்டில் அத்தை உள்ளே போன நேரத்தில் நாலு சொட்டு விட்டுக்கொண்டார். திரும்பி வந்த அத்தை பார்த்துவிட்டார்.

"இன்னா தம்பி அது, மருந்தா?"

"ஆமாக்கா. மருந்துதான்."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். சின்னப் பொய், யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். அத்தை அதற்குப் பிறகு ஒவ்வொரு வேளையும் இலைக்குப் பக்கத்தில் தானே அந்தப் பாட்டிலைத் துடைத்து வைத்தார். தம்பி மறந்துவிட்டால் ஞாபகப்படுத்தினார். தனம் அக்காவிடம், "இன்னா நோவுன்னு வாய தொறந்து சொல்ல மாட்றான், மூணு வேளையும் மருந்துமே" என்று மதிலோரம் கவலைப்பட்டார்.

ஐந்தாம் நாள் நான்தான் கெடுத்தேன். அத்தை நாலு நாளாய் அடுப்படியை விட்டு வரவில்லை. நம்மூர் வழக்கம் என்ன? மதிக்கிறவர்களை வெளியே அழைத்துப் போய்ச் சாப்பிட வைப்போம். அப்பா காதில் ஓதினேன். நல்ல கடையாய்ப் போவோம், அத்தை மனம் குளிர்ந்திருக்கும்போது டிக்கெட் பேச்சை எடுங்கள் என்றேன். அண்ணா நகரில் ஒரு சைனீஸ் ஓட்டல் என்று கணவர் சொன்னதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அன்று மத்தியானம்தான் அத்தை வஞ்சிரம் வாங்கி ராத்திரிக்கென்று குழம்பு கூட்டி இறக்கியிருந்தார். அதை அப்படியே மூடி வைத்துவிட்டுப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்தார்.

ஓட்டலில் வந்த சீனச் சாப்பாடெல்லாம் தக்காளிச் சிவப்பு. நானும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். இருந்தாலும் இரண்டு வருஷத்தில் முதல் முறையாக ஒரு கடை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வாயெல்லாம் பல்லாக எதையோ பேசிக்கொண்டிருந்தேன். அப்போது அத்தை மேசை நடுவில் இருந்த பாட்டில்களில் ஒன்றை எடுத்தார். விரலில் ஒரு சொட்டு விட்டு முகர்ந்தார், நாக்கில் வைத்தார்.

"தம்பி, இது ஒன் மருந்து தான?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் தண்ணீர் ஊற்ற வந்த சர்வர் முந்திக்கொண்டார். "மருந்து இல்லம்மா, சோயா சாஸு. ருசி பத்தலன்னா ஊத்திக்கிறது."

அத்தை பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்தார். அதற்குப் பிறகு அவர் எதையும் தொடவில்லை. வீட்டுக்கு வந்து, புடவையைக்கூட மாற்றாமல், யாரையும் பார்க்காமல் சொன்னார். "பத்தொம்போது வயசுல போனான். மூணு வருசத்துல வந்துடறேன்க்கான்னு சொல்லிட்டுப் போனான். இப்ப என் கொயம்ப முயுங்கறதுக்கு அவனுக்கு மருந்து ஓணுது."

மறுநாள் காலையில் அப்பா குளிக்கும் முன்பே அடுப்படியில் போய் உட்கார்ந்தார். "அக்கா, அந்த மீன் கொழம்பப் போடு" என்றார். பழைய சோறும் முதல் நாள் வஞ்சிரமும். மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நெற்றி வேர்த்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, காரமா வேறா என்று எனக்குத் தெரியவில்லை. கை கழுவிவிட்டு வந்து, சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டை எடுத்து அத்தை கையில் வைத்தார்.

"புள்ளைய எப்ப அனுப்பணும்னு உனக்குத் தோணுதோ அப்ப அனுப்புக்கா. தோணலன்னா விடு."

ஆறு மாதம் என்ற பேச்சே எழவில்லை. குழம்புக்குச் செய்த தப்புக்கு அப்பா என்னைக் கொடுத்து ஈடு கட்டினார். அவரைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. அந்த ஓட்டலைக் கேட்டது நான். பாட்டிலைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்ததும் நான். டிக்கெட் என் பாஸ்போர்ட்டோடு பீரோவுக்குள் போயிற்று. பீரோ சாவி அத்தை இடுப்பில் இருக்கிறது. ஒரு முறை துணிந்து கேட்டேன். அத்தை அரிசி புடைத்துக்கொண்டே சொன்னார்: "போனவன் நாக்கு திரும்பி வரலியே கண்ணு. நீ மட்டும் வருவியா?"

அப்பாவின் கடிதம் வருகிறது. இப்போதெல்லாம் காலையில் எழுந்ததும், "இன்னைக்கு என்ன குழம்பு?" என்று அம்மாவைக் கேட்கிறாராம். "உங்களுக்கு என்ன ஆச்சு, கடையில போய்ச் சாப்பிடுங்க" என்கிறாராம் அம்மா.

டிக்கெட் காலாவதியாக இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. போன வாரம், யாரையும் கேட்காமலேயே, லக்சா செய்தேன். மத்தியை வேகவைத்து உதிர்த்தேன். புளி இருந்தது, புதினா இருந்தது, அன்னாசி மார்க்கெட்டில் கிடைத்தது. நூடுல்ஸுக்கு இடியாப்பம் பிழிந்தேன். இறால் விழுதுக்கு எங்கே போவது? அத்தையின் டப்பாவில் சென்னாக்குன்னி இருந்தது, பொடியாகக் காய்ந்த குட்டி இறால். அதை வறுத்து நுணுக்கிப் போட்டேன். அத்தை வந்து எட்டிப் பார்த்தார். ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தேன். நின்றபடியே ஒரு வாய் குடித்தார். அப்புறம் உட்கார்ந்தார்.

"இதுக்கு மருந்து ஓணாமா?"

"வேணாம் அத்தே."

கிண்ணத்தைக் காலி செய்தார். "உங்கப்பனுக்கு எய்தி போடு, அக்கா இத துன்னுச்சுன்னு" என்றார். கொஞ்சம் கழித்து, "அங்க இத இன்னும் ஒயுங்கா செய்வாங்க, இல்ல?" என்றார். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. ஏனென்றால் நானும் அப்போதுதான் குடித்திருந்தேன். மறுநாள் பினாங்கில் போய் இறங்கி நமது வியாழக்கிழமைக் கடையில் உட்கார்ந்தாலும், முதல் கரண்டியிலேயே என் நாக்கு சென்னாக்குன்னியைத் தேடும் என்று தெரிந்துபோயிற்று. என் நாக்கு அந்தப் பக்கமே தங்கிவிடும் என்று அத்தை பயந்தார். அது நகர்ந்திருப்பதோ இந்தப் பக்கமாக. இதை எப்படி அவருக்குச் சொல்லி நம்ப வைப்பது? சொன்னால், அப்படியானால் ஏன் போகிறாய் என்பார்.

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "இன்னாமே, இன்னிக்கி இன்னா கொயம்பு? வாசன புதுசா கீது?"

நான் பதில் சொல்வதற்குள் அத்தை உள்ளிருந்து சொன்னார். "அவ ஊர்க் கொயம்புமே. புள்ள செஞ்சிகீது, துன்னு பாரு."

எழுந்து நடந்தபோது அவர் இடுப்பில் சாவி சத்தம் கேட்டது. பீரோ பக்கம் போகிறாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கிணற்றடிக்குத்தான் போனார், கிண்ணத்தைக் கழுவ. நான் இன்னொரு கிண்ணத்தை நிறைய ஊற்றி மதில் மேல் வைத்தேன். சுவர் அகலம் குறைவு, கிண்ணத்தில் பாதி அந்தப் பக்கமும் பாதி இந்தப் பக்கமும் நின்றது. தனம் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வரும் வரைக்கும், விழுந்துவிடாமல், பிடித்துக்கொண்டே இருந்தேன்.